கண்ணில் படாத பக்கம்

காலையில் எழுந்ததும் சிவசைலம், உலகத்தை ஏழு தடவை அழிக்கப் போதுமான சரக்கு பத்திரமாக இருக்கிறது என்று பூமிக்குச் சொல்லுவார். பிறகுதான் பல் விளக்குவது. பூமியிலிருந்து ‘நன்று’ என்று பதில் வரும். அதைச் சொல்வது மனிதர் இல்லை, ஒரு பொறி. எதைச் சொன்னாலும் அது ‘நன்று’ என்றுதான் சொல்லும். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் சரக்கைப் பற்றிச் சொல்ல மறந்து, பால் பொடி கட்டி தட்டிவிட்டது என்று மட்டும் சொன்னார். அதற்கும் ‘நன்று’ வந்தது.

நிலவின் மறுபக்கத்தில், எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு ஓடி வெறுமையாகிப் போன நீண்ட குகை ஒன்றில் இருந்தது அந்தக் கிடங்கு. இனி அணுகுண்டு வேண்டாம் என்று எல்லா நாடுகளும் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொண்டன. அவ்வளவு காலம் முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள் ஒரே மாதத்தில் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று மக்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் நல்ல காரியம் என்பதால் யாரும் துருவவில்லை. குண்டுகளைப் பிரித்தாயிற்று. உள்ளே இருந்த புளூட்டோனியத்தை என்ன செய்வது? எரித்துவிடலாம் என்றார்கள் சிலர். அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எரிப்பதா என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் அதற்கு ‘உபரி’ என்று ஒரு பெயர் வைத்து, அதைக் கவனித்துக்கொள்ள உபரி அணுப்பொருள் மேற்பார்வை ஆணையம் என்று ஒன்றையும் அமைத்து, மொத்தத்தையும் நிலவுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அந்த உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. தனித்தனியாக வைத்தால் சாது. தொட்டுப் பார்த்தால் பூனைக்குட்டி போல லேசான சூடு இருக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று கிளப்பிவிடும். எல்லை மீறினால் குண்டு போல வெடிக்காது. நீல நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு அதிக நாள் எதையும் பார்ப்பதில்லை. ஆகவே தவலை அளவிலான இரும்புப் பேழைகளில் அதைப் பிரித்து அடைத்து, பேழைக்குப் பேழை ஒரு கை இடைவெளி விட்டு, குகையின் இருபுறமும் அடுக்கியிருந்தார்கள். அந்த ஒரு கை இடைவெளியைக் காப்பதுதான் கிடங்குப் பொறுப்பாளர் சிவசைலத்தின் வேலை. பேழைகள் நகர்வதில்லை. ஆகையால் அது கடினமான வேலை இல்லை. ஊருக்குத் திரும்பிப் போவதுதான் கடினம்.

மேற்பார்வைக் குழு ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். அது ஒரு குறையும் காணாமல் திரும்பினால்தான் பொறுப்பாளருக்கு விடுவிப்பு. குறை கண்டால், அதைச் சரிசெய்யும் பொருட்டு இன்னும் ஆறு ஆண்டுகள். விதியைப் படித்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்த அதிகாரியை, இவர் நிலவுக்குப் போனாரா இல்லையா என்று மேலிடம் சந்தேகப்படும். அதனால் வருகிறவர்கள் எதையாவது கண்டுபிடித்தே தீருவார்கள். சென்ற முறை வந்தவர், வெளியேறும் வழி என்ற பலகை உள்ளே வருகிறவர்களைப் பார்த்து இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். முந்தைய பொறுப்பாளர் மூன்று முறை குறை காணப்பட்டு, கடைசியில் குகைக்குப் பின்னாலேயே அடக்கமானார். அவருடைய கல்லறைக் கல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக அடுத்த குழு குறித்துக்கொண்டது.

சிவசைலத்துக்கு இது கடைசி வாய்ப்பு. நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. கனமில்லாமல் நடந்து நடந்து எலும்பு கரைந்துவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் கரைந்தால், பூமியில் இறங்கி நின்ற கணத்தில் ஆள் சாக்குப் பைபோல மடிந்துவிடுவார் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். இந்த முறை எலும்புத் தேர்வில் மயிரிழையில் தேறியிருந்தார். இன்னும் ஆறு ஆண்டு என்றால் பொருநைக்கரைப் பக்கம் கல்லிடைப்பேரியில் இருக்கும் வீட்டை அவர் இனிப் படத்தில்தான் பார்க்க வேண்டும். வீட்டையும், வீட்டில் இருக்கும் ஆவுடையம்மாளையும்.

ஆவுடையம்மாள் வாரம் ஒருமுறை தொலைமுகத்தில் வருவாள். நிலவின் மறுபக்கம் என்பதால் படம் சுற்றி வளைத்துத்தான் வந்து சேரும். அவள் கேட்ட கேள்விக்கு இவர் பதில் சொல்வதற்குள் அவள் அடுத்ததற்குக் கோபப்பட்டிருப்பாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் சேர்ந்து இருந்ததும் பன்னிரண்டு வருஷம் பிரிந்து இருந்ததுமாக அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. போன வாரம், இந்தத் தடவையும் வரவில்லை என்றால் என்னைத் தேட வேண்டாம், நான் உங்களை மறந்துவிட்டுச் சும்மா இருப்பேன் என்று சொல்லியிருந்தாள். அவள் கத்திச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

இந்த நிலையில்தான் ஆணையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. ஆணையர் திரிபுரசுந்தரியே நேரில் வருகிறார். இம்முறை குறை எதுவும் கண்ணில் படாதிருத்தல் மேலிடத்தின் விருப்பம். சிவசைலம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கதிர்வீச்சு அலுவலர் ஜெசிந்தாவிடம் காட்டினார். கிடங்கில் அவரைத் தவிர இருந்த ஒரே மனிதப் பிறவி அவள்தான். தூத்துக்குடிக்காரி. எதையும் சந்தேகத்தோடு பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள்.

“மேலிடம் குறை வேண்டாம்னு சொல்லுதா? ஏதோ வம்பு இருக்கு சார்,” என்றாள்.

வம்பு எதுவாக இருந்தாலும் ஊருக்குப் போய்விட்டால் சரி என்று சிவசைலம் வேலையில் இறங்கினார். பலகைகளை நேராக்கினார். கல்லறைக் கல்லை நிமிர்த்தினார். மிச்சமிருந்தது ஒரே ஒரு குறை. ஐம்பதுக்கு மேற்பட்ட பேழைகள் வெளிப்பூச்சு உரிந்து, சொறி பிடித்த நாய்போலக் கிடந்தன. உள்ளே பத்திரம்தான், பார்க்கத்தான் அசிங்கம். பெயிண்ட் கேட்டு எழுதியிருந்தார். போன கப்பலில் பிரஷ் மட்டும் வந்திருந்தது. பெயிண்ட் இல்லாவிட்டால் என்ன, பிரஷ்ஷை வைத்து லேசாகத் தடவிக் கொடுங்கள், அதுவாவது சுகமாக இருக்கட்டும் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள்.

உரிந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. ஏவலியைக் கூப்பிட்டார்.

சொன்ன வேலையைச் செய்யும் இயந்திர ஆளுக்கு அந்தக் காலத்தில் ஏவலி என்று பெயர். கிடங்குக்கென்று பயிற்சி பெற்ற ஏவலிகள் விலை அதிகம் என்பதால், குறைந்த விலைக்கு வந்த பழைய வீட்டு ஏவலி ஒன்றை ஆணையம் வாங்கி அனுப்பியிருந்தது. நெல்லைச் சீமையில் பதினோரு குடும்பங்களில் அடுப்படி வேலையும் ஒழுங்குபடுத்தும் வேலையும் பார்த்த ஏவலி. அதன் பழைய ஞாபகங்களை அழிக்கத் தனியாக டெண்டர் விட வேண்டும் என்பதால் அழிக்கவில்லை. அழைக்க ஒரு பெயர் வேண்டுமே என்று சிவசைலம் அதற்கு மாடக்கண்ணு என்று வைத்திருந்தார். நல்ல உழைப்பாளி. பேழைகளைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூப்போட்ட துணி போடட்டுமா என்று கேட்கும். அதைத் தவிர ஒரு குற்றம் சொல்ல முடியாது.

“மாடக்கண்ணு, நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளி வர்ற மாதிரி பெரிய ஆளு வர்றாங்க. பாக்க நல்லா இல்லாதத எல்லாம் அவங்க கண்ணுல படாம வச்சிரு, என்ன?” என்றார் சிவசைலம்.

“சரி அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்,” என்றது மாடக்கண்ணு. இதற்காகவே பிறந்ததுபோல அதன் கண்விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மறுநாள் ஆணையர் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். பட்டும் இல்லாத பருத்தியும் இல்லாத ஒரு புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. வழக்கமான அதிகாரிகள்போல எண்ணிக்கை கேட்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. குகை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். நாலடி பின்னால் போய் மறுபடி பார்த்தார். குனிந்து பார்த்தார். ஒரு தெரியாத ஆள் உள்ளே நுழைந்தால் எது முதலில் தெரியும் என்று பார்க்கிறவர்போல இருந்தது அது.

கிடங்கு அன்றைக்கு இருந்த அழகை சிவசைலமே எதிர்பார்க்கவில்லை. இருபுறமும் பேழைகள் பளபளவென்று நின்றன. ஓர் உரிசல் கூட இல்லை. உரிந்த பக்கத்தைத் திருப்பி வைத்தால் இவ்வளவு பளபளக்குமா என்று அவருக்கு லேசாக ஒரு யோசனை வந்தது. ஆணையர் மூன்றாம் வரிசையில் நின்று, ஒரு பேழையை விரலால் தட்டி, இதுதான் நேர்த்தி, எல்லாவற்றையும் இப்படி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பாராட்டினார். அப்போதுதான் சிவசைலம் அதைச் சரியாகப் பார்த்தார். அது அவருடைய அரிசி டிரம். அதற்கு அடுத்தது சாம்பார் வாளி. அதற்கும் அடுத்து, கவிழ்த்து வைத்த இட்லிக் கொப்பரை.

உரிந்த பேழைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

சிவசைலம் சிரித்த முகத்தோடு மாடக்கண்ணுவின் பக்கம் நகர்ந்து, பல்லைக் கடித்தபடி, எங்கே என்று கேட்டார்.

“உள்ரூமுல அண்ணாச்சி. வீட்டுக்கு ஆளு வந்தா எல்லாத்தையும் அள்ளி உள்ரூமுல போட்டுக் கதவச் சாத்திறணும்லா? பதினோரு வீட்டுலயும் அப்படித்தான். உங்க கட்டிலுக்கு அடியில கொஞ்சம், பீரோவுல கொஞ்சம். மிச்சத்தக் கட்டில் மேல குமிச்சு மெத்தையப் போட்டு மூடிருக்கேன். ஒண்ணும் தெரியாது.”

மனிதர்கள் தங்கும் பகுதியில் அபாய மணி கிடையாது. அங்கே அணுப்பொருள் வைக்கக் கூடாது என்று விதி இருந்ததால், மணியும் தேவையில்லை என்று ஆணையம் முடிவு செய்திருந்தது. ஆனால் ஜெசிந்தாவின் இடுப்பில் ஒரு சின்னக் கதிர்வீச்சு மானி எப்போதும் தொங்கும். ஆணையர் காபி குடிக்கலாம் என்று குடியிருப்புப் பக்கம் திரும்பியதும் அது மெதுவாக டிக் டிக் என்றது.

“பல்லி சொல்லுதே,” என்றார் ஆணையர், நடப்பதை நிறுத்தி. “நல்ல சகுனம்தான். கிழக்குப் பக்கமா?”

நிலவில் பல்லி ஏது என்று யாரும் சொல்லவில்லை. நாலடி எடுத்து வைத்ததும் பல்லி இரண்டு மடங்கு வேகமாகச் சொன்னது. ஜெசிந்தா மானியைக் கையால் பொத்திக்கொண்டு சிவசைலத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லாததை அவர் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தார். இரண்டே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். அவள் காதோடு சொன்னது இது: மெத்தை, தலையணை, மனிதர்கள், இந்த மூன்றும் அந்த உலோகத்தின் கதிரை அதன்மேலேயே திருப்பிவிட்டுச் சூடேற்றும் சாமான்கள். மெத்தை ஏற்கெனவே மேலே இருக்கிறது. மனிதர் ஒருவர் பக்கத்தில் போய் நின்றாலும் போதும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆணையர், நீண்ட பயணம், இடுப்பு வலிக்கிறது, சற்றுத் தலைசாய்க்க முடியுமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே சிவசைலத்தின் அறைக் கதவுப் பிடியில் கை வைத்தார்.

சிவசைலம் ஒரே தாவலில் கதவுக்கு முன்னால் போய் நின்றார். நிலவில் தாவுவது எளிது. நின்ற பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அறை ஒழுங்காக இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிடலாம். இன்னும் கால் மணி நேரத்தில் அவர் கிளம்பிவிடுவார், கையில் விடுவிப்பு இருக்கும், அதுவரை அந்தக் குவியல் பொறுத்துக்கொண்டால் கல்லிடைப்பேரி. பொறுக்காவிட்டால் நீல வெளிச்சம், ஜெசிந்தாவுக்கும் சேர்த்து. அவருக்கு முருங்கைக்கீரை ஆயும் கை ஒன்று ஞாபகம் வந்தது. பிறகு ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார்.

“மேடம், குறை இருக்கு,” என்றார். “எல்லாம் இந்த ரூமுக்குள்ளதான் கெடக்கு. நீங்க எழுதிக்கிடுங்க. ஆனா மொதல்ல தள்ளி நில்லுங்க.”

கதவைத் திறந்தார். மெத்தைக்கு மேல் மாடக்கண்ணு அழகாக ஒரு போர்வை விரித்து, நடுவில் இரண்டு தலையணை வைத்திருந்தது. போர்வை ஒரு சிறு மலைபோல எழும்பியிருந்தது. பீரோ கதவு முழுக்க மூடாமல் ஒரு பேழையின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆணையர் திரிபுரசுந்தரி எட்ட நின்று பார்த்தார். கோபப்படுவார் என்று சிவசைலம் காத்திருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

“இதைக் குறைன்னு நான் எப்படி எழுதுறது மிஸ்டர் சிவசைலம்? நாங்க மட்டும் என்ன செஞ்சிருக்கோம்?”

அதற்குப் பிறகு அவர் சொன்னது பூமியில் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. பல ஆண்டுகளுக்கு முன்னால் வேறொரு நட்சத்திரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உங்களைப் பார்க்க வருகிறோம்’ என்பதுதான் மொத்தச் செய்தி. தலைவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கே திரும்பினாலும் குண்டு. வருகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வெட்கம் வந்துவிட்டது. மொத்தத்தையும் அள்ளி, பூமியிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகத் தேடி, நிலவின் மறுபக்கத்தில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஊருக்குச் சமாதானம் என்று சொன்னார்கள்.

“அவங்க நாளைக்கு வராங்க,” என்றார் ஆணையர். “கதவு இடுக்குல ஏதாவது தெரியுதான்னு பார்க்கத்தான் நான் வந்தேன்.”

ஜெசிந்தாவுக்கு அந்தக் கதையெல்லாம் காதில் ஏறவில்லை. முதலில் மெத்தையை எடுக்கச் சொன்னாள். மாடக்கண்ணு உலோகம், அதற்கு ஆபத்தில்லை, அது மட்டும் அறைக்குள் போய் ஒவ்வொன்றாக எடுத்து வர வேண்டும், வாங்கி வைப்பவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கக் கூடாது. கிடங்குவரை கொண்டுபோக நேரமில்லை. எங்கே இடம் இருக்கிறதோ அங்கே ஒரு கை தள்ளித் தள்ளி வைத்தால் போதும். ஆணையர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். இது நடுக்கூடத்துக்கு, அது அடுப்படிக்கு, அந்தச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒன்று போகும், குளியலறையை மறந்துவிடாதே என்று அவர் வழி சொன்ன விதத்தில், பெரிய குடும்பத்தில் பிறந்தவர் என்று தெரிந்தது. பல்லி மெல்ல மெல்ல வேகம் குறைந்து, கடைசியில் தூங்கிவிட்டது.

இப்போது குடியிருப்பில் கால் வைக்க இடமில்லை. நடையில், படியில், அடுப்பு மேல், கழிவறை வாசலில், எங்கும் தோல் உரிந்த பேழைகள். ஆணையரின் கன்னத்தில் கரி. சிவசைலத்தின் தோளில் மெத்தை.

கதவு தட்டப்பட்டது.

விருந்தாளிகள் ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். முன்பின் போகாத வீட்டுக்குப் போகிறவர்கள், நேராக வாசலில் போய் நிற்கக் கூச்சப்பட்டு, தெருமுனையில் இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு போவார்கள் அல்லவா? அப்படி அவர்கள் நிலவின் மறைவில் இறங்கியிருந்தார்கள். அங்கே ஒரு கதவைக் கண்டதும் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேர். நிமிர்த்தி வைத்த ஜமுக்காளச் சுருள்போல இருந்தார்கள். அவர்களுக்கு முகம் எது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாடக்கண்ணு மட்டும் முன்னால் போய், “வாங்க வாங்க, வீடு போட்டது போட்டபடி கெடக்கு, தப்பா நெனச்சிக்கிடாதீங்க,” என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தது.

உயரமானவர், பேச்சை மாற்றித் தரும் கருவி ஒன்றைக் கழுத்தில், அல்லது கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், மாட்டியிருந்தார். அவர் நடையைப் பார்த்தார். படியைப் பார்த்தார். சாப்பாட்டு மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார். அவை என்னவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆணையர் கண்ணை மூடிக்கொண்டார். மனித குலத்தின் மானம் போய்விட்டது என்று பிற்பாடு சொல்லும்போது அவர் குறிப்பிட்டது அந்தக் கணத்தைத்தான்.

உயரமானவரிடமிருந்து காற்றுப் போவதுபோல ஒரு சத்தம் வந்தது. பெருமூச்சு.

“மிக்க நிம்மதி,” என்றது கருவி. “எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தோம். உங்களுக்கு இதில் பழக்கம் இருப்பதாகத் தெரிகிறது. எங்களிடமும் இப்படிச் சில சாமான்கள் இருக்கின்றன. இப்போது நாங்கள் அவற்றைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். கொஞ்ச நாளைக்கு இங்கே வைத்துக்கொள்ள முடியுமா?”

அவர்களுடைய சாமான் நட்சத்திரங்களை அணைக்கக் கூடியது. தனித்தனியாக வைத்தால் சாது என்றார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அவர்கள் கை அளவில் ஒரு கை இடைவெளி வேண்டும். அந்தக் கையை அவர்கள் நீட்டிக் காட்டினார்கள். அது நீண்டுகொண்டே போய், குகையைத் தாண்டி, வெளியே எங்கோ போய் நின்றது. நிலவு முழுவதையும் கொடுத்தாலும் பற்றாது என்பது ஜெசிந்தாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் ஆணையரின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். ஆனால் வாசலில் நின்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லி ஆணையருக்குப் பழக்கமில்லை.

“அதுக்கென்ன, தாராளமா வச்சுக்கோங்க. கீழே எங்க வீடு பெரிசு,” என்றார்.

அடுத்து நடந்தவை முறைப்படி நடந்தன. வந்தவர்கள் குறை எதுவும் சொல்லவில்லை என்று மேற்பார்வை அறிக்கையில் எழுதப்பட்டது. அது உண்மையும்கூட. ஆகவே சிவசைலத்துக்கு விடுவிப்பு கிடைத்தது. ஆபத்தான பொருளை வாழும் இடத்துக்கு நடுவிலேயே இடைவெளி தவறாமல் வைத்துக் காட்டியவர் என்ற அனுபவம் கருதி, பூமியில் அமையும் புதிய கிடங்குக்கு அவரையே பொறுப்பாளராகப் போட்டார்கள். எந்த ஊர் வேண்டும் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் கல்லிடைப்பேரி என்று சொன்னார். அவர் விருப்பப்படியே தென்மாவட்டங்கள் கிடங்காக அறிவிக்கப்பட்டன.

கிடங்கில் மக்கள் குடியிருக்கக் கூடாது என்பது பழைய விதி. மக்களையும் எங்கேயாவது வைக்க வேண்டுமே. பாதுகாப்பான, காற்றடைத்த, அனுபவமுள்ள அலுவலர் இருக்கிற இடம் ஒன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் பேழைகள் சூடேறும் என்று ஜெசிந்தா எழுதினாள். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். விருந்தாளிகளும், சாமானைக் கொண்டுவந்து இறக்கும்போது வழியில் ஆட்கள் நின்றால் கூச்சமாக இருக்கிறது என்று நயமாகச் சொல்லியிருந்தார்கள்.

சிவசைலம் வந்து இறங்கிய கப்பல்தான் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு நிலவுக்குத் திரும்ப வேண்டும். பூமியில் கால் வைத்ததும் உடம்பு முழுவதும் வலித்தது, ஆனால் எலும்பு தாங்கியது. ஏறுகிற வரிசையில் ஆவுடையம்மாள் நின்றாள். ஆளுக்கு ஒரு பைதான் அனுமதி. அவள் பையிலிருந்து முருங்கைக் கொப்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“சாவிய எப்பவும்போல பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வரலாம்னு பாத்தேன்,” என்றாள் அவள். “அவங்க நேத்தே வந்து வரிசையில நிக்காங்க. இந்தாங்க, நீங்களே வச்சிக்கிடுங்க.”

பன்னிரண்டு வருஷம் கழித்து நேரில் பார்த்ததும் சொல்லவென்று அவர் என்னென்னவோ வைத்திருந்தார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்.

“யாரு சொன்னா?”

“அவங்க விருந்தாளி போனதும் எடுத்துக்கிடுவாங்களாம்.”

“அவங்க வீட்டு விருந்தாளி எத்தன நாளு இருப்பாங்களாம்?”

அதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று ஆணையம் கருதியிருந்தது. வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. தெருவிலும், அடுத்த தெருவிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கமும் யாரும் இல்லை. கப்பல் நிலவில் போய் இறங்கிய அன்று சாயங்காலம் சிவசைலம் மொட்டைமாடிக்கு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, ஏறிப் போனார். கிழக்கே நிலவு பெரிதாக எழுந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரு புள்ளி அழுக்குக் கூட இல்லாத மாதிரி இங்கிருந்து தோன்றியது. அவர் கையை நெற்றியில் வைத்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். ஆவுடையம்மாள் இருந்தது அந்தப் பக்கம். என்னதான் உற்றுப் பார்த்தாலும் இங்கிருந்து அது கண்ணில் படாது. அதற்காகத்தானே அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.